ஹோம்ப்ரூ உலகத்தை எதில் வைப்பது: ஃபோல்டர் மரம், செஷன் குறிப்பு, ரகசியப் பக்கம்

3.11.2025, இரவு 10:20. கேள்வி

அப்சிடியன் என்ற குறிப்பு மென்பொருளில், டி அண்ட் டி ஆட்டத்துக்காக நானே உருவாக்கிய (ஹோம்ப்ரூ) ஓர் உலகம் வைத்திருக்கிறேன். கண்டம், நாடு, மாகாணம், நகரம், பேட்டை, கட்டடம் என்று ஆறு அடுக்கு ஃபோல்டர். நூற்றுக்கணக்கான பக்கங்கள். டேபிளில் ஒரு பிளேயர் "அந்தப் படகுக்காரன் பேர் என்ன?" என்று கேட்டால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. வேர்ல்ட் ஆன்வில், கான்கா, லெஜண்ட்கீப்பர் என்ற உலகக் குறிப்புத் தளங்களில் எதற்காவது மாறினால் சரியாகுமா? ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டி (கதாபாத்திரமேற்று ஆடும் விளையாட்டு), நான்கு பிளேயர், வாரம் ஒரு செஷன் (ஆட்ட அமர்வு), ஆன்லைனில் ஃபவுண்ட்ரி என்ற மெய்நிகர் ஆட்ட மேசை.

3.11.2025, இரவு 11:45. பதில்

மாற வேண்டாம். படகுக்காரன் கிடைக்காததற்குக் காரணம் ஃபோல்டர் மரம். அதே மரத்தைக் கான்காவில் நட்டாலும் அவன் கிடைக்கமாட்டான்.

ஃபோல்டர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நீங்கள் அதை "எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்குக் கொடுத்துவிட்டீர்கள். இடம் மாறும். படகுக்காரன் அடுத்த செஷனில் ஆற்றைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போனால் ஃபைலை நகர்த்துவீர்களா? மூன்று நாட்டில் கிளை உள்ள வணிகர் சங்கத்தை எந்த நாட்டுக்குள் போடுவது? மாறாமல் இருப்பது வகை மட்டும்தான். ஆள் என்றைக்கும் ஆள், ஊர் என்றைக்கும் ஊர்.

ஏழு ஃபோல்டர் போதும். செஷன்கள், ஆட்கள், இடங்கள், குழுக்கள், பொருட்கள், விதிகள், படங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில், உள்ளே துணை ஃபோல்டர் இல்லாமல். எந்த ஊர், எந்தக் குழு, உயிரோடு இருக்கிறாரா, கடைசியாக எந்த செஷனில் வந்தார் என்பதெல்லாம் பக்கத்தின் தலையில் பிராப்பர்ட்டியாக, அதாவது பெயரும் மதிப்புமாக ஒரு வரியில், போகட்டும். ஆட்களுக்கு இன்னும் ஒன்று சேருங்கள்: ஐந்தாறு சொல்லில் ஓர் அடையாளம். "இடது காது இல்லை, பாதி வாக்கியத்தில் நிறுத்துவான்." டேபிளில் உங்களுக்கு உதவப்போவது அந்த ஒரு வரிதான், அவனுடைய பூர்வீகம் பற்றிய மூன்று பத்தி உதவாது.

மரத்தைக் கலைக்கும் வரிசை முக்கியம்.

முதலில் முழு வால்ட்டையும் (அப்சிடியன் குறிப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) ஜிப் செய்து வேறு இடத்தில் வையுங்கள். அடுத்து, நகர்த்துவதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்திலும் அது இருந்த ஊரைப் பிராப்பர்ட்டியாக எழுதிவிடுங்கள். இப்போது அந்தத் தகவல் ஃபோல்டர் பாதையில் மட்டும்தான் இருக்கிறது. நகர்த்திவிட்டால் போய்விடும். மூன்றாவது, ஒரே பெயரில் இருக்கும் ஃபைல்களைத் தேடுங்கள். வேறு வேறு ஊர் ஃபோல்டருக்குள் நாலு "சத்திரம்" இருந்திருக்கும், ஒரே ஃபோல்டருக்கு வரும்போது மோதும். "சத்திரம், மருதை" என்று முன்கூட்டியே பெயர் மாற்றுங்கள். பெயர் மாற்றம், நகர்த்தல் இரண்டையும் அப்சிடியனுக்குள்ளேயே செய்யுங்கள். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பெயர் மாற்றினால் அந்தப் பெயரைச் சுட்டும் இணைப்புகள் தானாக மாறாது.

4.11.2025, காலை 8:05. கேட்டவர்

இடம் என்ற பிராப்பர்ட்டியில் [[மருதை]] என்று எழுதினேன். இணைப்பாக வரவில்லை. சில பக்கங்களில் தலைப்பகுதியே பிழை காட்டுகிறது.

4.11.2025, காலை 9:30. பதில்

இரண்டும் வேறு வேறு கோளாறு.

தலைப்பகுதியை நேரடியாக எழுத்தாகத் திருத்தும்போது இணைப்பை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்: "[[மருதை]]". மேற்கோள் இல்லாவிட்டால் சதுர அடைப்புகளை அது பட்டியலுக்குள் பட்டியல் என்று படித்துக்கொள்ளும். பிழை காட்டும் பக்கங்களில் பெரும்பாலும் மதிப்புக்கு நடுவே முக்காற்புள்ளியும் இடைவெளியும் இருக்கும். "பட்டம்: காவலர்: வடக்கு வாசல்" மாதிரி. அதையும் மேற்கோளுக்குள் போட்டால் சரியாகும்.

பிராப்பர்ட்டியின் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில், ஒரே சொல்லாக வையுங்கள். மதிப்பு தமிழில் இருக்கட்டும். பக்கங்களிலிருந்து அட்டவணை எடுத்துத் தரும் டேட்டாவியூ பிளகினின் வினவல் மொழி பெயர்களில் எழுத்தை மட்டும்தான் ஏற்கும், தமிழின் புள்ளியும் உயிர்க்குறியும் அதன் கணக்கில் எழுத்து இல்லை. எனவே "இடம்" என்ற பெயரில் வினவினால் பாதியில் நின்றுவிடும்.

2025இல் வந்த பேஸஸ் என்ற உள்ளமைந்த வசதி இருந்தால் வினவல் எழுதவே வேண்டாம். ஒவ்வோர் ஊர்ப் பக்கத்தின் அடியிலும் ஓர் அட்டவணை: ஆட்கள் ஃபோல்டர், இடம் இந்தப் பக்கம், நிலை "இறந்தார்" அல்ல. நெடுவரிசை மூன்று போதும். பெயர், குழு, அந்த ஐந்து சொல் அடையாளம். மருதை துறைமுகத்துக்குப் பிளேயர்கள் போனால் மருதை பக்கத்தைத் திறங்கள், படகுக்காரன் அட்டவணையில் நிற்பான்.

4.11.2025, இரவு 9:50. தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு

மேலே மருதை என்று எடுத்துக்காட்டு கொடுத்தது காரணத்தோடுதான். பெயர் எந்த எழுத்தில் முடிகிறது என்பதைப் பொறுத்து இணைப்பு போடும் வேலை ஒன்றுமில்லாததாகவும் ஆகும், தலைவலியாகவும் ஆகும்.

ஐ, இ, ஆ ஒலியில் முடியும் பெயர்களுக்கு அடைப்பை மூடிவிட்டு விகுதியை ஒட்டிவிடலாம். [[மருதை]]யில், [[மருதை]]க்கு, [[வஞ்சி]]யை. ஆழியூர் என்று வைத்தால் இது நடக்காது. "ஆழியூரில்" எழுதும்போது ர் போய் ரி வருகிறது. அடைப்புக்கு வெளியே உயிர்க்குறியை மட்டும் எழுதினால் புள்ளி வட்டம்தான் தெரியும். நெடுவனம், கருங்காடு இன்னும் மோசம், நெடுவனத்தில், கருங்காட்டில் என்று சொல்லின் உடம்பே மாறிவிடும்.

வழி: அந்தப் பக்கத்தின் மாற்றுப்பெயர்ப் பிராப்பர்ட்டியில் ஆழியூரில், ஆழியூருக்கு, ஆழியூரை, ஆழியூரின் என்று நாலு வடிவத்தையும் எழுதிவிடுங்கள். இரட்டை அடைப்புத் திறந்து "ஆழி" என்று தட்டினாலே வரும் பட்டியலில் இந்த நாலும் இருக்கும். வேண்டியதைத் தேர்ந்தால் [[ஆழியூர்|ஆழியூரில்]] என்று அதுவே எழுதிக்கொள்ளும். "இணைக்கப்படாத குறிப்பிடல்கள்" பலகத்திலும் அந்த வடிவங்கள் சிக்கும்.

தேடும்போது கடைசிப் புள்ளியை விட்டுவிடுங்கள். "ஆழியூர்" என்று தேடினால் "ஆழியூரில்" வராது. "ஆழியூர" என்று தேடினால் இரண்டும் வரும், கணினிக்குள் புள்ளியும் இகரக் குறியும் ர என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் தனிக் குறிகள் என்பதால்.

ஃபைல் பெயரின் நீளத்தையும் கவனியுங்கள். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட் வரைதான் போகலாம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறி. "கோ" என்பதே இரண்டு குறி. முழு வாக்கியத்தைப் பெயராக வைத்தால் விண்டோஸ் ஏற்கும், லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுபோகும்போது மறுக்கும்.

5.11.2025. வேறொரு வாசகர்

ொ, ோ, ௌ வரும் பெயர்களில் இன்னொன்று உண்டு. இவற்றை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். பழைய மேக் ஃபைல் அமைப்பு பிரித்தே வைக்கும். மேக்கும் லினக்ஸும் கலந்து கிட் (ஃபைல்களின் மாற்ற வரலாற்றை வைக்கும் கருவி) வழியாகப் பகிர்ந்தால் "கோமான்" என்று இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். கிட்டில் பிரிகம்போஸ் யூனிகோட் என்ற அமைப்பை மேக் பக்கம் இயக்கிவிடுங்கள்.

5.11.2025, இரவு 10:15. செஷன் குறிப்பு

இந்த இழையில் நான் சொல்ல வந்ததன் நடுவெலும்பு இதுதான்: உலகத்தின் மூல ஆவணம் செஷன் குறிப்பு. ஆள் பக்கமும் ஊர்ப் பக்கமும் அதற்கு அகராதி மட்டுமே. பிளேயர்கள் முன்னால் சொல்லப்பட்டதுதான் உண்மை. சொல்லப்படாதது எல்லாம் இன்னும் திட்டம், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பக்கங்களில் இந்த இரண்டையும் கலந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் "இதை அவங்களிடம் சொல்லிட்டேனா இல்லையா" என்ற குழப்பம் வருகிறது.

செஷன் ஃபைலின் பெயர்: எண் முதலில், மூன்று இலக்கத்தில். "014 உப்பளத்துத் தீ". இரண்டு இலக்கத்தில் தொடங்கினால் நூறைத் தாண்டியதும் சில நிரல்களில் வரிசை கலையலாம். தலையில் இரண்டு தேதி: நாம் விளையாடிய தேதி, உலகத்துக்குள் முடிந்த தேதி.

விளையாடும்போது முழு வாக்கியம் எழுதாதீர்கள், கண் பிளேயர்களை விட்டுப் போய்விடும். வரிக்கு ஒரு குறி, நாலைந்து சொல்.

@ புதிய ஆள். @ [[செங்கோடி]] படகுக்காரன், மூக்கில் தழும்பு
! வாக்குறுதி அல்லது கடன். ! கோயில் பூசாரிக்கு 50 பொன்
? பிளேயர்கள் கேட்டு நாம் பதில் சொல்லாதது. ? கிணற்றில் ஏன் உப்பு
= அந்த இடத்திலேயே முடிவான உண்மை. = மருதையில் இரவில் பாலம் தூக்கப்படும்

பெயர்களைக் கவனியுங்கள்: பக்கம் இல்லாவிட்டாலும் இரட்டை அடைப்பு போட்டாயிற்று. அப்சிடியனில் இல்லாத பக்கத்துக்கும் இணைப்பு போடலாம், அது மங்கலாக நிற்கும். அதே பெயர் இரண்டாவது செஷனிலும் வந்தால்தான் பக்கம் திறக்க வேண்டும். ஒரே முறை வந்து போனவன் செஷன் வரியிலேயே இருக்கட்டும், தேடினால் கிடைப்பான். உங்களுடைய நூற்றுக்கணக்கான பக்கங்களில் பெரும் பகுதி பிளேயர்கள் இன்னும் தொடாததாகத்தான் இருக்கும். அவற்றை அழிக்க வேண்டாம். "திட்டம்" என்று நிலை கொடுத்து அட்டவணைகளில் வராமல் வடிகட்டிவிடுங்கள்.

செஷன் முடிந்து ஒரு நாளுக்குள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ! வரிகளையெல்லாம் அடுத்த செஷனின் தயாரிப்புப் பக்கத்துக்கு நகர்த்துவது முதல் வேலை. = வரிகளை அந்தந்த ஊர்ப் பக்கத்தில், செஷன் எண்ணோடு ஒட்டுவது இரண்டாவது. வந்த ஆட்களின் "கடைசி செஷன்" எண்ணைத் திருத்துவது மூன்றாவது. ? வரிகளுக்கு உடனே பதில் எழுத வேண்டியதில்லை. பிளேயர்கள் எதில் ஆர்வமாக இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடையாது, அடுத்த மாதக் கதை அதிலிருந்துதான் வர வேண்டும். இந்த அரை மணி வேலையைத் தள்ளிப்போட்டால் "50 பொன்" எதற்கு என்பதே மறந்துவிடும்.

6.11.2025. வேறொரு வாசகர்

வேர்ல்ட் ஆன்விலை இப்படித் தள்ளிவிட முடியாது. ஊர் என்றால் மக்கள், ஆட்சி, பாதுகாப்பு, வணிகம் என்று அதன் படிவம் கேட்கும் கேள்விகள் யோசிக்க வைக்கின்றன.

6.11.2025, இரவு 9:20. பதில்

யோசிக்க வைக்கும், மறுக்கவில்லை. உலகம் கட்டுவதே உங்களுக்கு விளையாட்டு என்றால், வாசகர்கள் வந்து படிக்க வேண்டும் என்றால், 2017இலிருந்து அதற்காகவே வளர்ந்த கருவி அது. இலவசக் கணக்கில் எழுதுவது பொதுவெளியில் தெரியும் என்பதை மட்டும் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் பிளேயர்களும் இணையத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் வாராவாரம் ஆட்டம் நடத்துகிறவருக்குக் காலிப் பெட்டி ஒரு கடன் மாதிரி நிற்கும். ஊரின் ஏற்றுமதி என்ன என்று எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், நாளை இரவு பிளேயர்கள் மோதப்போகும் சுங்க அதிகாரி பக்கம் இன்னும் வெறுமையாக இருப்பார்.

பழைய உலகங்கள் எப்படி வளர்ந்தன என்று பாருங்கள். 1974இல் டி அண்ட் டி அச்சாகும் முன்பே, அதை உருவாக்கிய டேவ் ஆர்னசனின் பிளாக்மூர் உலகமும் கேரி கைகாக்ஸின் கிரேஹாக் உலகமும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ஒரு கோட்டை, அதன் கீழே நிலவறை. வெளியுலகம் பிளேயர்கள் வெளியே வர வர விரிந்தது. காட்டுப் பயணத்துக்கு அவெலன் ஹில் நிறுவனம் 1972இல் வெளியிட்ட வேறொரு பலகை விளையாட்டின் அறுகோண வரைபடத்தை எடுத்து விரித்தார்கள். கிரேஹாக் உலகம் தனி வெளியீடாக அச்சில் வந்தது 1980இல்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் அளவு: ஓர் ஊர், அதிலிருந்து ஒரு நாள் நடைக்குள் மூன்று இடம், மூன்று குழு, எட்டிலிருந்து பத்து ஆள். கூடவே யாருக்கும் ஒதுக்காத இருபது பெயர் கொண்ட ஒரு பட்டியல், திடீரென்று யாராவது "உன் பேரென்ன?" என்று கேட்கும்போது எடுக்க.

7.11.2025, காலை. கேட்டவர்

ரகசியங்கள்? பிளேயர்களுக்கு ஒரு பகுதியைக் காட்ட வேண்டும்.

7.11.2025, இரவு 11:10. ரகசியப் பக்கம்

எந்த மென்பொருளானாலும் ஒரே விதி: ரகசியப் பக்கம் பொதுப் பக்கத்தைச் சுட்டலாம். பொதுப் பக்கம் ரகசியப் பக்கத்தைச் சுட்டக் கூடாது.

முக்காடு போட்ட மருந்து வணிகன் உண்மையில் நாடு கடத்தப்பட்ட இளவரசன் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பக்கத்தில் "ஜிஎம்முக்கு (ஆட்டத்தை நடத்துகிறவருக்கு) மட்டும்" என்று ஒரு பகுதி எழுதி மறைக்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். அது வேண்டாம். "மருந்து வணிகன்" என்று ஒரு பக்கம், "இளவரசன்" என்று தனிப் பக்கம். இளவரசன் பக்கத்தில் வணிகனுக்கு இணைப்பு. வணிகன் பக்கத்தில் எதுவும் இல்லை. உங்களுக்கு வணிகன் பக்கத்தின் பின்னிணைப்புப் பலகத்தில் (அந்தப் பக்கத்தைச் சுட்டும் பக்கங்களின் பட்டியல்) இளவரசன் தெரிவான். பிளேயருக்குத் தெரியமாட்டான். பொதுப் பக்கத்தில் அனுமதி இல்லாத இணைப்பு ஒன்று இருந்தால், திறக்காவிட்டாலும் "இங்கே ஏதோ இருக்கிறது" என்பதே பிளேயருக்குத் துப்பாகிவிடும்.

கருவிவாரியாக:

அப்சிடியனில் வால்ட்டுக்குள் ஆளுக்கு ஓர் அனுமதி என்று ஏதும் கிடையாது. பகிர்ந்தால் முழுவதும் போகும். பிளேயர்களுக்குத் தனி வால்ட், அல்லது தேர்ந்த பக்கங்களை மட்டும் வெளியிடும் கட்டண வசதி. கருத்துக்குறி போட்டு மறைத்த வரியை நம்பாதீர்கள், அது காட்சியில்தான் மறையும், ஃபைலில் இருக்கும்.

கான்காவில் இது வலுவாக இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும், பதிவுக்குள் ஒவ்வொரு குறிப்புக்கும், ஆட்களுக்கு இடையிலான உறவுக்கும்கூடத் தனித்தனித் தெரிவுநிலை வைக்கலாம். அனுமதி மாற்றியதும் நிர்வாகியாக இருந்துகொண்டே ஒரு பிளேயரின் கணக்காக மாறிப் பாருங்கள். உறவுகளைத்தான் பலரும் மறப்பார்கள். ஆள் பக்கம் பொதுவாக இருக்கும், "தந்தை: மன்னர்" என்ற உறவும் பொதுவாகவே நின்றுவிடும்.

பிளேயர்களே குறிப்பு எழுத வேண்டும் என்றால் கான்கா. நீங்கள் மட்டும் எழுதி, டேபிளில் வேகமாக எடுக்க வேண்டும் என்றால் அப்சிடியன். இந்த இரண்டுக்கு நடுவில் எடுக்க வேண்டிய முடிவு இவ்வளவுதான்.

8.11.2025, மாலை. ஃபவுண்ட்ரி

நீங்கள் ஏற்கெனவே ஃபவுண்ட்ரியில் ஆடுவதால் இன்னொரு கேள்வி வரும்: எது எதில்? ஒரே பத்தியை இரண்டிலும் வைக்கக் கூடாது. ஒன்றைத் திருத்துவீர்கள், மற்றது பழையதாகவே நிற்கும். பிளேயர் பார்ப்பதும் பகடை உருள்வதும் ஃபவுண்ட்ரியில். ஏன், எதற்கு, அடுத்து என்ன என்பது அப்சிடியனில்.

ஃபவுண்ட்ரியில் அனுமதி நாலு படி: நன் (எதுவும் இல்லை), லிமிடெட் (கொஞ்சம் மட்டும்), அப்சர்வர் (முழுதும் பார்க்கலாம்), ஓனர் (திருத்தலாம்). ஓர் ஆளின் படத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காக அப்சர்வர் கொடுத்தால் முழு ஷீட்டும் (ஆளின் விவரத்தாள்) திறந்துவிடும், வாழ்வுப் புள்ளி, கவச எண் எல்லாம். படத்துக்கு லிமிடெட் போதும். அல்லது படத்தைத் திறந்து பிளேயர்களுக்குக் காட்டு என்ற பொத்தானை அழுத்துங்கள், அனுமதியையே தொட வேண்டாம். குறிப்பேட்டின் பக்கத்துக்குள் சீக்ரெட் பகுதி என்று ஒன்று உண்டு. அது ஓனர்களுக்குத் தெரியும், எனவே பிளேயர்களை ஓனராக்கிய பொதுக் குறிப்பேட்டில் அதை வைத்துப் பயனில்லை.

வரைபடத்தில் குத்திய ஊசிக்குறி (பின்) பிளேயருக்குத் தெரியவில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். காரணம் இரண்டில் ஒன்று. அது சுட்டும் குறிப்புக்கு அவருக்குக் குறைந்தது லிமிடெட் இல்லை. அல்லது அந்தக் காட்சியில் டோக்கன் (வரைபடத்தில் ஆளைக் குறிக்கும் வில்லை) பார்வை இயங்குகிறது, அவருடைய டோக்கனின் பார்வைக்குள் அந்த ஊசிக்குறி இல்லை. உலக வரைபடத்தில் டோக்கன் பார்வையை அணைத்துவிடுங்கள், அல்லது பின்னின் அமைப்பில் குளோபல் என்ற பெட்டியைத் தேர்ந்துவிடுங்கள்.

படங்களின் ஃபைல் பெயரில் கதை இருக்கக் கூடாது. டேட்டா ஃபோல்டரில் உள்ள படங்களுக்கு இந்த அனுமதிகள் எதுவும் பொருந்தாது, முகவரி தெரிந்தால் யாரும் திறக்கலாம். படத்தைத் தனிச் சாளரத்தில் திறந்தால் முகவரிப் பட்டையில் "துரோகி அமைச்சர்" என்று நிற்கும். "ஆள் 037" என்று பெயர் வையுங்கள்.

வரைபட அளவு: ஒரு கட்டத்துக்கு 100 பிக்சல் இயல்பு. 40க்கு 30 கட்டம் என்றால் 4000க்கு 3000 பிக்சல். வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் பதிவிறக்கம் வேகமாகும், ஆனால் கிராஃபிக்ஸ் நினைவகத்தில் விரிந்த அளவில்தான் உட்காரும். பிக்சலுக்கு 4 பைட், ஆக இந்தப் படம் 48 எம்பி. கண்டம் முழுவதையும் 16,000க்கு 16,000 பிக்சலில் போட்டால் ஒரு ஜிபியைத் தாண்டும். பழைய லேப்டாப்பில் ஆடும் பிளேயருக்குக் கறுப்புத் திரை வந்தால் இணையத்தைச் சந்தேகிக்கும் முன் படத்தின் அளவைப் பாருங்கள். 4096 பிக்சலுக்குள் இருந்தால் அநேகமாக எல்லாக் கருவியிலும் ஓடும்.

9.11.2025. கேட்டவர்

ஃபோல்டர்களைக் கலைத்துவிட்டேன். ஒன்பது "சத்திரம்" இருந்தது. அடுத்து நாட்காட்டி. 13 மாதம், மாதத்துக்கு 33 நாள், 9 நாள் வாரம், மூன்று நிலா. கேலண்டேரியம் பிளகினில் போடலாமா?

9.11.2025, இரவு 10:40. நாட்காட்டி

போடலாம், அது எதையும் ஏற்கும். ஆனால் பிளேயர்கள் ஏற்பார்களா என்று யோசியுங்கள். 13 பெருக்கல் 33 என்றால் 429 நாள். ஒன்பதால் வகுத்தால் மீதி 6. ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் வேறு கிழமையில் விழும். "அடுத்த சந்தை எப்போது?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் கணினியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கிரேஹாக்கின் நாட்காட்டியைப் பாருங்கள். 28 நாள் மாதம் 12, நடுநடுவே ஏழு நாள் திருவிழா நாலு, மொத்தம் 364. ஏழால் மீதியின்றி வகுபடும், எனவே தேதி சொன்னால் கிழமை தெரியும். பெரிய நிலாவின் சுற்று 28 நாள், சின்னதற்கு 91. 364க்குள் ஒன்று 13 முறை, மற்றது 4 முறை சரியாக அடங்கும். நிலாவும் ஆண்டுதோறும் அதே தேதியில் முழுதாகும். 28க்கும் 91க்கும் மீச்சிறு பொது மடங்கு 364 என்பதால் இரண்டும் சேர்ந்து முழுநிலவாக வருவது ஆண்டில் ஒரே இரவு. ஒரு கேம்பெய்னின் (தொடர்ந்து ஆடும் கதையின்) உச்சத்தை அந்த இரவில் வைக்கலாம், பிளேயர்களே முன்கூட்டிக் கணக்குப் போட்டுத் தயாராவார்கள். அவர்கள் மனத்தில் ஓடக்கூடிய நாட்காட்டி அவர்களுடைய திட்டத்துக்குள்ளும் வரும். அதுதான் நமக்கு வேண்டும்.

மாதங்களுக்கு வெளியே நிற்கும் திருவிழா நாள் வைத்தால், பிளகினில் அதை இடைநாள் வகையாகக் குறியுங்கள். ஃபார்காட்டன் ரெல்ம்ஸ் என்ற டி அண்ட் டி உலகத்தில் அப்படித்தான்: 30 நாள் மாதம் 12, எந்த மாதத்திலும் சேராத 5 நாள், பத்து நாள் வாரம். அந்த ஐந்தையும் சாதாரண மாதமாகப் பதிந்தால் வாரம் நகர்ந்துவிடும்.

தேதி எழுதும் முறை: ஆண்டு நாலு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு. 0412-07-03. மாதப் பெயரை எழுதினால் வரிசைப்படுத்த முடியாது.

10.11.2025. பயண தூரம், சின்னக் குறிப்பு

ஐந்தாம் பதிப்பில் சாதாரண நடை நாளுக்கு 24 மைல், வேகமாக 30, மெதுவாக 18. இதனால்தான் பலரும் வரைபடத்தில் 6 மைல் அறுகோணக் கட்டம் வைக்கிறார்கள்: நாலு, ஐந்து, மூன்று கட்டம் என்று முழு எண்ணாக வரும். சமவெளியில் நிற்கும் ஆளுக்கு அடிவானம் சுமார் 3 மைல். கட்டத்தின் நடுவில் நின்றால் அதன் விளிம்பு வரை தெரியும், பக்கத்துக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று போய்த்தான் பார்க்க வேண்டும். கிலோமீட்டரில் யோசிக்கிறவர்கள் கட்டத்தை 10 கி.மீ. ஆக்குங்கள், நாளுக்கு நாலு கட்டம் 40 கி.மீ. வித்தியாசம் மிகச் சிறியது.

வரைபடத்தில் ஊருக்கு ஊர் தூரத்தை அளந்து ஊர்ப் பக்கத்தில் எழுதி வைக்காதீர்கள். வரைபடத்தைத் திருத்தினால் எழுத்து பொய்யாகும். கட்ட எண்ணை மட்டும் எழுதுங்கள், 0712 என்று.

12.11.2025. 5ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு சேர்க்கை

செஷன் குறிப்பு பிளேயர்கள் செய்ததை மட்டும் பிடிக்கும். அவர்கள் பார்க்காத இடத்தில் உலகம் நகர வேண்டும். அதற்குக் குழுப் பக்கங்கள்.

குழுப் பக்கத்தில் நாலே பிராப்பர்ட்டி: என்ன வேண்டும், அடுத்த அடி என்ன, கடிகாரத்தின் (நோக்கம் எவ்வளவு முன்னேறியது என்று காட்டும், துண்டு துண்டாக நிரப்பும் வட்டம்) மொத்தத் துண்டு, நிரம்பிய துண்டு. கடிகாரத்தை "3/6" என்று ஒரே மதிப்பாக எழுதினால் அது வெறும் எழுத்து, அட்டவணையில் கணக்குப் போட முடியாது. இரண்டு எண்ணாகப் பிரியுங்கள். சுலபமான நோக்கத்துக்கு 4 துண்டு, சாதாரணத்துக்கு 6, பெரியதற்கு 8. உலகத்தில் ஒரு வாரம் கடந்தால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகடை: d6இல் (ஆறு முகப் பகடை) 4க்கு மேல், அதாவது 5 அல்லது 6, விழுந்தால் ஒரு துண்டு நிரப்புங்கள், பிளேயர்கள் குறுக்கிட்டிருந்தால் ஒன்றைக் கழியுங்கள். நிரம்பியதும் அந்தக் குழுவின் நோக்கம் நிறைவேறுகிறது, செய்தி ஊருக்கு வருகிறது. மூன்று குழுவுக்கு ஐந்து நிமிட வேலை.

பத்துக் குழுவுக்கு இதைச் செய்யாதீர்கள். ஏழு கடிகாரத்தைப் பிளேயர்கள் உணரவே போவதில்லை.

13.11.2025. வேறொரு வாசகர்

எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தானே? பேக்கப் பற்றி யாரும் பேசவில்லை.

13.11.2025, இரவு 11:30. பேக்கப்

அப்சிடியன் சுலபம், வெறும் எழுத்து ஃபைல்கள். கிட்டில் செஷனுக்கு ஒரு கமிட் (சேமிப்புப் புள்ளி), செய்தி "014 முடிந்தது". அப்போது பதினான்காம் செஷனுக்கு முன் உலகம் எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்கவும் முடியும். ஒரே வால்ட்டின் மேல் இரண்டு ஒத்திசைவுச் சேவையை ஓட்டாதீர்கள், ஒரே பக்கத்துக்கு மோதல் பிரதிகள் பெருகும்.

ஃபவுண்ட்ரி அப்படி இல்லை. 2023இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து உலகத்தின் தரவு லெவல்டிபி என்ற வடிவில் பல சிறு ஃபைல்களாக இருக்கிறது. முன்பு போல எழுத்துத் தொகுப்பானில் திறந்து திருத்த முடியாது. உலகம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரைப் பிரதி எடுத்தால் பாதி எழுதிய நிலை வந்து சேரும், திறக்காது. உலகத்தை மூடி, அமைப்புத் திரைக்குத் திரும்பிய பிறகே பிரதி எடுங்கள், அல்லது அந்தப் பதிப்பிலேயே வந்த உள்ளமைந்த பேக்கப்பைப் பயன்படுத்துங்கள். டேட்டா ஃபோல்டரை மேகக்கணி ஒத்திசைவு ஃபோல்டருக்குள் வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து, ஒத்திசைவு ஃபைலைப் பூட்டும் நேரத்தில் ஃபவுண்ட்ரி எழுத முயலும்.

படங்கள் உலக ஃபோல்டருக்கு வெளியே இருந்தால் உலகத்தின் பேக்கப்பில் அவை வராது. மீட்டெடுத்ததும் எல்லா டோக்கனும் வெறுமையாக நிற்கும். படங்களைத் தனியாகப் பிரதி எடுங்கள், பாதையை மாற்றாமல்.

இணையத்தில் இயங்கும் கருவி எதுவானாலும், ஐம்பது பக்கம் சேரும் முன்பே ஒரு முறை ஏற்றுமதி செய்து திறந்து பாருங்கள். பத்திகள் வருகின்றனவா, இணைப்புகள் வருகின்றனவா, படங்கள் வருகின்றனவா என்று மூன்றையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். பத்தி எப்போதும் வரும். உடைவது மற்ற இரண்டும்தான்.

16.11.2025. கேட்டவர்

நேற்று செஷன். படகுக்காரன் பெயர் உடனே கிடைத்தது. ஆனால் அவனை ஒரு பிளேயர் கொன்றுவிட்டார். பக்கத்தை என்ன செய்வது?

16.11.2025, மாலை. பதில்

அழிக்காதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். நிலையை "இறந்தார்" என்று மாற்றி, செஷன் எண்ணை எழுதுங்கள், மருதை அட்டவணையிலிருந்து தானாக விலகிவிடுவான். பிறகு அவன் பக்கத்தின் பின்னிணைப்புப் பலகத்தைத் திறந்து யார் யார் பக்கத்தில் அவன் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் இருக்கிறவர்களில் யார் முதலில் பிணத்தைத் தேடி வருவார் என்று முடிவெடுங்கள், அவருடைய பெயரை அடுத்த செஷனின் தயாரிப்புப் பக்கத்தில் முதல் வரியாக எழுதுங்கள்.